பூர்வீக வீடு இருக்க முதியோர் குடியிருப்புக்கு ஏன் வந்தோம்

செட்டிநாட்டில் பெரிய வீடு உள்ளவர்கள் முதியோர் குடியிருப்பில் சேர்ந்தால் ஊரில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதும் அன்று, உடல்நலத்தைப் பற்றியதும் அன்று. "அவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்பதுதான் அது. சென்னையில் பணிக்காலத்தை முடித்துவிட்டு, காரைக்குடியின் விளிம்பில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் நானும் என் கணவரும் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. உறவினர்கள் அந்தக் கேள்வியை இன்னும் கேட்கிறார்கள். இதே முடிவை எடுக்கலாமா என்று தயங்கி நிற்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீக வீடு முகப்பு, வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. வளவைச் சுற்றியுள்ள இரட்டை அறைகளில் ஒன்று எங்கள் பங்கு. மற்றப் பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் காவல்காரர் ஒருவர்தான். அது கூட்டமாக வாழ்வதற்குக் கட்டப்பட்ட வீடு. அறைக்கு அறை உயரமான நிலைப்படி, தெருவுக்கு இறங்கக் கைப்பிடி இல்லாத படிகள், கடைசிக் கட்டில் கழிப்பறை என்று எல்லாமே இளங்கால்களுக்கும் ஏவலாட்களுக்கும் உரிய அமைப்பு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதற்கு அந்தப் பளபளப்பு வருகிறது. அதே வழவழப்பு, ஐப்பசி மழையில் வளவைச் சுற்றி ஈரம் படிந்துவிட்டால், எழுபது வயதுக் காலுக்கு ஆபத்தாகிவிடுகிறது. ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டுமானாலும் பங்காளிகளைக் கலந்துதான் செய்ய வேண்டும். பர்மாத் தேக்கு நிலையில் துளை போட நமக்கே மனம் வராது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய எங்கள் நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது வழக்கம். ஒரே வளவில் இருந்தாலும் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பருப்பும் செலவுப் பணமும் கொடுத்து, அதற்குள் குடித்தனம் நடத்தப் பழக்குவார்கள். என் அப்பத்தாள் கடைசிவரை தம் அடுப்பில் தாமே பொங்கிச் சாப்பிட்டார். அதனால் மகன்களோடு மனத்தாங்கல் என்று யாரும் நினைத்ததில்லை. அவர் குரல் கொடுத்தால் ஓடிவர வளவு நிறைய ஆட்கள் இருந்தார்கள்; அதே நேரத்தில் அவருடைய உப்பு, புளி, கைச்செலவு எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. முதுமைக்கு வேண்டிய ஏற்பாடு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆட்கள் கலைந்துபோன பூர்வீக வீட்டில் தனி அடுப்பு இருக்கிறது, கூப்பிட்டால் வர ஆள் இல்லை. பிள்ளைகளின் அடுக்கக வீட்டில் ஆள் உண்டு, நமக்கென்று அடுப்பு இல்லை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் இங்கே வந்தோம்.

என் கணவருக்கு அண்ணன் முறை ஆகும் பெரியவர் ஒருவர், செய்தி தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் ஆத்தா, நாளைக்கு ஊரு நம்ம பிள்ளைகளைத்தானே பேசும்?" என்றார். அவர் அன்பினால் கேட்டார் என்பதால் பொறுமையாகவே பதில் சொன்னேன். கோயிலில் எங்கள் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, அப்படியேதான் இருக்கும். படைப்புக்கு நாங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். ஓடு மாற்றும் செலவில் எங்கள் பங்கும் தவறாது. இரவில் தூங்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது என்றேன். பிள்ளைகளைப் பொறுத்தவரை, பேச்சை நாங்களே தொடங்கினோம். நம் பிள்ளைகள் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவார்கள். எடுத்தால் தள்ளிவிடுகிறார்கள் என்று தோன்றிவிடுமோ என்று அஞ்சுவார்கள். முடிவு நம்முடையது என்று அவர்களுக்கும் ஊருக்கும் தெரிவது நல்லது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் திருச்சி விமான நிலையம் பக்கம். சென்னையில் இருக்கும் மகளுக்குப் பல்லவன் விரைவு வண்டி உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் இத்தகைய குடியிருப்புகள் மிகுதி என்பதை அறிந்தும் காரைக்குடியிலேயே தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றது, பேச்சும் சாப்பாடும் சாமியும் நமக்குப் பழகியவையாக இருக்க வேண்டும் என்ற ஆசை.

இடம் தேடும்போது கட்டடத்தின் அழகைவிடப் பத்திரத்தின் வாசகம் முக்கியம். இத்தகைய குடியிருப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் வீட்டைக் கிரயம் செய்து கொள்கிறோம். மற்றதில் பெருந்தொகை ஒன்றை வைப்பாகக் கட்டி, வாழும் காலம்வரை குடியிருக்கும் உரிமையைப் பெறுகிறோம். கிரயமானால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்பது, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரெரா என்னும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்பது ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். வைப்புத்தொகையானால், நாம் வெளியேறினாலோ இறந்தாலோ எவ்வளவு திரும்ப வரும், எத்தனை மாதத்துக்குள் வரும், அடுத்த ஆள் வந்த பிறகுதான் தருவார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: இருவரில் ஒருவர் மறைந்த பின் மற்றவரின் கட்டணமும் உரிமையும் என்ன ஆகும்? கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான், ஆயினும் கணவன் மனைவி இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வயது வரம்பு உள்ள இடத்தில் வீடு பிள்ளைகளுக்கு வந்தாலும் அவர்களால் அங்கே குடியிருக்க இயலாமல் போகலாம். விற்றாலும் அந்த வயதுக்காரருக்குத்தான் விற்க வேண்டியிருக்கும். நாங்கள் முதலில் பார்த்த வேறோர் இடத்தில், தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் காட்டும்படி கேட்டதற்கு அதெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். அதன் பிறகு அந்த இடத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

பராமரிப்புக் கட்டணத்தை இன்றைய தொகையாக மட்டும் பார்க்கக் கூடாது. வட்டிக் கணக்கில் வளர்ந்த சமூகத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் பலரும் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 8 விழுக்காடு கூடினால் ஒன்பது ஆண்டில் கட்டணம் இரு மடங்காகும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 இலட்சம் ரூபாய் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். ஆனால் போட்ட அன்றைய வட்டி விகிதமே ஐந்தாண்டுக்கும் நிற்கும்; கட்டணமோ நிற்காது. ஆகவே வட்டி முழுவதையும் கட்டணத்துக்கு ஒதுக்கிவிடாமல், ஒரு பகுதியை மீண்டும் சேமிப்பில் போடும் அளவுக்கு இடம் இருந்தால்தான் அந்தக் குடியிருப்பு நமக்குக் கட்டுப்படியாகும். குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டும் தொகை மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரக்கூடும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றி விளம்பரத் தாளில் எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள். நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்குக் கையும் வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் யார் வருவார்கள், எங்கே கொண்டுபோவார்கள்? மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எனவே இரவில் ஸ்கேன் இயங்கும் மருத்துவமனை காரைக்குடியில் எது, ஓட்டுநர் குடியிருப்பிலேயே தங்குகிறாரா, 108ஐ அழைத்தால் வாயிற்காவலர் எந்த வாசலைத் திறப்பார் என்பன வரை கேட்டோம். மேலாளர் முதலில் சற்றுத் திகைத்தார். பிறகு ஓட்டுநரையே அழைத்து எங்கள் முன் நிறுத்திப் பதில் சொல்ல வைத்தார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது. ஆயினும் உடனே முன்பணம் கொடுத்துவிடவில்லை. சித்திரை வெயிலில் ஒருமுறையும் அடைமழையில் ஒருமுறையும் விருந்தினர் அறையில் தங்கிப் பார்த்த பிறகே கையெழுத்திட்டோம். குளியலறைத் தரை வழுக்காத சொரசொரப்பான கல்லாக இருப்பதை மழைநாளில் வெறுங்காலால் மிதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது சாமான்களைப் பிரிப்பது. நகரத்தார் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சாமானின் அளவை மற்றவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் ஆத்தாள் எனக்குக் கொடுத்தவை, என் மாமியார் வழியில் வந்தவை என்று பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மங்கு எனப்படும் எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, ஓலைத் தடுக்கு, ஓலைக் கொட்டான் எல்லாம் ஓர் அறை நிறைய இருந்தன. சில குடங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஆத்தாளின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரலால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு அது மழுங்கியிருந்தது. குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சிறு அடுப்படி.

இதில் நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சிட்டை எழுதினேன். கல்யாணச் சீராக வந்தவற்றை எழுதிய பழைய முறைச் சிட்டை கையில் இருந்ததால் எது யாருடையது என்ற குழப்பம் வரவில்லை. பிறகு படமெடுத்துப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வேண்டியதைப் பொங்கலுக்குள் சொல்லிவிடும்படி கேட்டேன். நாள் குறிக்காவிட்டால் "இருக்கட்டும் அம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். மகள் வெண்கல உருளிகளையும் மங்குச் சாப்பாட்டு அடுக்கையும் கேட்டாள். மகன் அவனுடைய ஐயாவின் (தாத்தாவின்) கணக்குப் பெட்டியை மட்டும் கேட்டான். பங்காளிகள் கூடும்போது பயன்படும் பெரிய அண்டாக்களைப் பூர்வீக வீட்டிலேயே பொதுவில் வைத்தோம். மிஞ்சியவற்றை விற்றோம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய சாமான் வாங்குகிறார்கள். பித்தளையை எடைக்கு விற்பது வேறு, பழம்பொருளாக உருப்படிக்கு விலை பேசுவது வேறு என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வேலைப்பாடுள்ள விளக்கையும், அடியில் அயல்நாட்டு முத்திரை உள்ள மங்குச் சாமானையும் எடைக்குப் போடவே கூடாது. ஒரு கடையில் சொன்ன விலையை மற்றொரு கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். வண்டி வாசலில் நிற்க, அவசரத்தில் விற்பவருக்குத்தான் இழப்பு. ஆகவே குடிபோகும் நாளுக்கு ஓராண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

குடியேறிய புதிதில் என் கணவர் தவித்துப் போனார். வங்கியில் நாள் முழுவதும் மனிதர்களோடு பேசிப் பழகியவருக்கு, மூன்று வேளையும் சாப்பாடு வந்துவிடுகிற, எதற்கும் பொறுப்பில்லாத நாள் மிக நீளமாக இருந்தது. நிர்வாகத்தார் யோகாவும் பஜனையும் பல்லாங்குழியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்லவைதான். ஆனால் பிறர் ஏற்பாடு செய்த பொழுதுபோக்கில் போய் உட்காருவதால் ஓர் இடம் நமதாகிவிடாது. நாம் வராவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்ற நிலை வரும்போதுதான் அது நம் இடமாகிறது. அண்டை வீட்டார் சிலருக்கு வருமான வரிப் படிவமும், ஓய்வூதியத்துக்காக நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றும் பெருஞ்சுமையாக இருந்தன. என் கணவர் கைப்பேசியிலேயே சான்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். இப்போது நவம்பர் பிறந்தால் எங்கள் கூடம் சிறு வங்கிக் கிளையாகிவிடுகிறது. "அண்ணே, என் விரல் ரேகை விழ மாட்டேங்குது" என்று வருகிறவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்.

எனக்கு வாய்த்தது சமையல் குழு. எந்த முதியோர் குடியிருப்பிலும் மனக்கசப்பு முதலில் உருவாவது சாப்பாட்டு மேசையில்தான். எங்களிடம் நகரத்தார் மட்டும் இல்லை. மதுரையிலிருந்து வந்த ஆசிரியர்கள், தேவகோட்டை மருந்துக்கடைக்காரர், மின்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று பல வகையினர் இருக்கிறோம். ஒருவருக்கு இரத்த அழுத்தம், உப்பு ஆகாது. அடுத்தவருக்கு உப்பில்லாவிட்டால் சோறு இறங்காது. ஆளுக்கு ஒரு குறையாகச் சமையற்காரரிடம் போய்ச் சொல்ல, அவர் வேலையை விட்டுப் போகும் நிலைக்கு வந்துவிட்டார். குறைகளைக் குழு மட்டுமே கேட்டு, வாரத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேசுவது என்று முதலில் முடிவு செய்தோம். சமைக்கும்போது உப்பையும் காரத்தையும் குறைத்துப் போட்டு, வேண்டியவருக்கு மேசையில் உப்பும் வற்றலும் துவையலும் வைத்தோம். இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசுமல்லியும் எல்லாருக்கும் பிடித்தன. கருப்புக் கவுனி அரிசி இனிப்பு மாதம் ஒருநாள், அதுவும் சிறு கிண்ணத்தில். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காமல் தேங்காய்ப்பூ மட்டும் தூவித் தருகிறோம். இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடிப்பதற்குத்தான் எதிர்ப்பு வலுவாக இருந்தது; தொலைக்காட்சித் தொடரின் நேரத்தோடு அது மோதியது. அதற்கும் நாளடைவில் பழகிக்கொண்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் காலைப் பலகாரத்தை என் அடுப்பில் நானேதான் செய்கிறேன். அதை விட்டுவிட எனக்கு எண்ணமில்லை. புதிதாக வருபவர்களுக்கும், உடம்பு முடிகிறவரை ஒரு வேளையாவது சொந்தமாகச் சமையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளையார் நோன்பு வந்தபோது ஒரு கவலை எழுந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஒன்றாகப் புதுக் கோடி வேட்டியிலிருந்து இழை எடுத்து வைத்து, 21 இழையையும் திரியாக்கி, இழை மாவு எனும் இனிப்பு மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டுக்கு மூத்த ஆண் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஒருவருக்கொருவர் உறவில்லாத நாங்கள் யாரிடம் வாங்குவது? குடியிருப்பில் வயதில் மூத்த அண்ணன் ஒருவரைக் கேட்டோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் பொது மண்டபத்தில் கூடி இப்படித்தானே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி அவர் உடனே இசைந்தார். மாவை நானும் மற்ற ஆச்சிகளும் பொது அடுப்படியில் பிசைந்தோம். அவர் கை சற்று நடுங்கியதால், அவருடைய மணிக்கட்டைத் தேவகோட்டைக்காரர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அன்று இழை எடுத்துக்கொண்டவர்களில் நகரத்தார் அல்லாதவர்களும் இருந்தார்கள். ஆண்டுதோறும் பங்குனியில் கம்பன் விழாவுக்கும் வேனில் சேர்ந்து போகிறோம், சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவைச் சிறுமியாக அப்பச்சியோடு (தந்தையோடு) போய்க் கேட்ட எனக்கு, இந்த வயதில் அதை மாலைதோறும் கேட்க வாய்த்தது பெரும் பேறு.

கடந்த ஆண்டு எங்கள் வரிசையில் இருந்த ஒரு நண்பர் உறக்கத்திலேயே மறைந்துபோனார். பிள்ளைகள் அயல்நாட்டிலிருந்து வந்து சேரும்வரை அவர் மனைவியோடு இரவில் நாங்கள் முறைவைத்துத் தங்கினோம். ஆவணங்கள் இருக்கும் இடம் அந்த அம்மாவுக்குத் தெரியாததால், அந்தத் துயரத்தின் நடுவே அலமாரி அலமாரியாகத் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிவப்புக் கோப்பு வைத்தோம்: ஆதார் நகல், மருந்துப் பட்டியல், காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் தொலைபேசி எண், உயில் இருக்கும் இடம். வங்கியில் நியமனதாரர் பெயர் கொடுத்திருப்பது பணத்தைப் பெற்றுக்கொள்வதற்குத்தான், சொத்துரிமையை அது முடிவு செய்யாது, உயில் தனியே எழுத வேண்டும் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள். பூர்வீகச் சொத்தில் தம் பங்கையோ வேறு வீட்டையோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வர நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், தீர்ப்பாயத்தின் மூலம் திரும்பப் பெறலாம். நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருந்தால் வழக்குக்கு வலு உண்டு. பிள்ளைகள்மேல் நம்பிக்கை இருக்கும்போதே அந்த வரியை எழுதிவிட வேண்டும். பின்னால் எழுத இயலாது.

எந்த வயதில் வரலாம் என்று கேட்பவர்களுக்கு, இருவரும் தாமாக நடந்து திரியும்போதே வாருங்கள் என்பது என் பதில். படுக்கையில் விழுந்த பிறகு வருபவருக்கு இங்கே பராமரிப்பு கிடைக்கும். நட்பு கிடைப்பது அரிது, ஏனெனில் அது கூடத்துக்கு வந்து உட்காருபவர்களிடையே உண்டாவது. எங்கள் குடியிருப்பில் இன்னும் தீராத குறை, இரவில் செவிலியர் இல்லாதது. குடியிருப்போர் கூட்டத்தில் அதற்கான செலவைக் கணக்கிட்டு, வீட்டுக்கு எவ்வளவு கூடுதலாகும் என்று தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒப்புக்கொண்டவர்களின் கையெழுத்து பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. மீதியைச் சேர்க்க என் கணவர் மாலை நடையின்போது தாளைக் கையோடு எடுத்துப் போகிறார்.